பாலை மரத்தடிக்கு வந்த கரடிக்குட்டி

நாவுலவில் நான் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்த காலம். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என் மனைவி எல்கடுவையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்தவள். மழையிலும் மூடுபனியிலும் பழகியவளுக்கு, குளம் வறண்டு வெடித்துக் கிடக்கும் எங்கள் பக்கத்துக் கோடை ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். எனக்கும் பேசத் தெரியவில்லை.

ஆனியில் காட்டில் பாலைப்பழம் பழுத்தது. அவள் அதைத் தின்றதே இல்லை என்று தெரிந்ததும், ஒரு நாள் காலை கடையைச் சாத்திவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் மரத்தில் ஏறிக் கிளையை உலுக்கினேன். அவள் கீழே துணியை விரித்துப் பழம் பொறுக்கினாள். மேலே குரங்குகள் என்னோடு சண்டை பிடித்தன.

திடீரென்று குரங்குகள் ஓய்ந்தன. புதருக்குள்ளிருந்து கரடி ஒன்று வந்தது. அதன் முதுகில் இரண்டு குட்டிகள்.

கத்தினால் அது அவள்மேல் பாய்ந்துவிடும். இறங்கவும் வழியில்லை. "அசையாத," என்று மெல்லச் சொன்னேன். அவள் ஏற்கெனவே அடிமரத்தோடு ஒட்டி நின்றிருந்தாள்.

தாய்க்கரடி அடுத்த மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பழத்தை உறிஞ்சத் தொடங்கியது. ஒரு குட்டி சறுக்கி இறங்கி, தள்ளாடித் தள்ளாடி அவளிடம் வந்தது. அவள் சேலைக் கரையை முகர்ந்தது, பிறகு நக்கியது. அவள் கண்ணை மூடவில்லை, குனிந்து அதையே பார்த்தாள். என் கையிலிருந்த கிளை நடுங்கியது. தாய் ஒரு முறை உறுமியதும் குட்டி திரும்பி ஓடி முதுகில் தொற்றிக்கொண்டது. காற்று எங்கள் பக்கமாக வீசியதால் தாய்க்கு எங்கள் வாடை போகவில்லை. வயிறு நிறைந்ததும் வந்த வழியே போய்விட்டது.

விழுந்தடித்து இறங்கி அவள் கையைப் பிடித்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"அந்தக் குட்டி மூக்கு எவ்வளவு ஈரமா இருந்திச்சு தெரியுங்களா? காலுல பட்டிச்சு."

"பயமா இல்லியா?"

"இருந்திச்சுங்க. நீங்க விழுந்துருவீங்களோன்னுதான் அதவிடக் கூடப் பயமா இருந்திச்சு."

பழம் தின்றோம். பழத்தின் பிசின் போன்ற பாலில் இருவருக்கும் உதடு ஒட்டிக்கொண்டது. என் வாயைப் பார்த்து அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அம்மா வீட்டுக்கே போய்விட வேண்டுமென்று மூட்டை கட்டி வைத்திருந்ததையும் சொன்னாள்.

"இப்ப?" என்றேன்.

"போயிட்டு வருவோம். ரெண்டு பேருமா," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்கடுவைக்குப் போனோம். கரடிக் கதையை அவளே அவள் அம்மாவுக்குச் சொன்னாள். நான் மரத்தின்மேல் நடுங்கியதை மட்டும் அவள் சொல்லவில்லை.