சுவரில் எழுதிய மின்சாரக் கணக்கு

என் மாமாவுக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் எதுவும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். போடியில் மிக்சியும் மோட்டாரும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். எதைக் கழற்றினாலும் திரும்பப் பூட்டிவிடுவார். பூட்டியபின் இரண்டு திருகாணி மிஞ்சும். அது கம்பெனிக்காரன் அதிகமாகப் போட்டது என்பார்.

அப்பா இறந்த மறுவருடம் அது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் சின்ன ஏலக்காய்த் தோட்டத்தை அம்மா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போடியில் விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்புப் படித்தேன். காலாண்டு விடுமுறைக்கு ஜீப்பில் மேலே போயிருந்தேன். அம்மா தனியாக நின்று எடுத்த முதல் அறுவடை அன்று காலையில்தான் ஸ்டோருக்குள் போயிருந்தது. காய் உலர்த்தும் அறையை மலையில் ஸ்டோர் என்பார்கள். உள்ளே சூடு ஏறிவிட்டால் காய் காயும்வரை இறங்கக்கூடாது. நடுவில் இறங்கினால் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏல விற்பனையில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். அதைவிட, பொம்பளைக்கு எதுக்குத் தோட்டம் என்று பேசுவதற்குச் சொந்தபந்தம் முழுக்கக் காத்திருந்தது. அம்மாவுக்கு அந்தப் பயம்தான் பெரிது.

மதியம் ஸ்டோரைச் சூடாக்கும் ஹீட்டர் நின்றுபோனது. அதைப் பொருத்திக் கொடுக்க வந்திருந்த மாமா பாய்ந்து போய்த் திறந்தார். உள்ளே சுருள் கம்பி நடுவில் அறுந்து பாதிவரை கருகியிருந்தது. புதுக் கம்பிக்குப் போடிக்குத்தான் இறங்க வேண்டும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாமா கருகியதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சக் கம்பியை இழுத்து மாட்டினார்.

"பாதிக் கம்பிதான மாமா இருக்கு?" என்றேன்.

"அதான் பாப்பா லாபமே. கம்பி கொறைஞ்சா கரண்டும் கொறைவாத்தான் இழுக்கும்."

ஸ்விட்சைப் போட்டதும் பியூஸ் போனது. பியூஸுக்குச் சீக்கு என்று சொல்லி, செம்புக் கம்பியை நாலாக மடித்து அந்த இடத்தில் சொருகினார். இந்தமுறை ஹீட்டர் தகதகவென்று எரிந்தது. மழைக்கு வாசலில் ஒதுங்கியிருந்த காயெடுக்கும் பெண்கள் இரண்டு பேர் மாமாவை மெச்சினார்கள். மாமாவும் மறுக்கவில்லை.

எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. காலாண்டுத் தேர்வில் இதே மாதிரி ஒரு கணக்கு வந்திருந்தது. ஹீட்டர் தகட்டில் 230 வோல்ட், 10 ஆம்பியர் என்று போட்டிருந்தது. இடிந்து கிடந்த பழைய விறகடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் போட்டுப் பார்த்தேன். 230ஐப் பத்தால் வகுத்தால் மின்தடை 23 ஓம். கம்பி பாதியானால் தடையும் பாதி, பதினொன்றரை. 230ஐப் பதினொன்றரையால் வகுத்தேன். இருபது ஆம்பியர் வந்தது. முன்பு 2300 வாட், இப்போது 4600.

"மாமா, கரண்டு கொறையல. ரெண்டு மடங்கு இழுக்குது. சூடும் ரெண்டு மடங்கு."

"நல்லதாப் போச்சு. காய் வெரசாக் காயும்ல?"

கரண்டு குறைந்தாலும் கூடினாலும் மாமா சொன்னதே சரியாக இருந்தது. அப்போதுதான் பலகைச் சுவரை ஒட்டி ஓடிய வெள்ளை ஒயரைப் பார்த்தேன். அதை யாரும் வெட்டவில்லை. அதன் தடை அதேதான், அதில் ஓடும் கரண்டு மட்டும் இரண்டு மடங்கு. சூடு தெரியக் கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும். அப்படியென்றால் ஒயரின் சூடு நான்கு மடங்கு. தொட்டேன். டீ கிளாஸ் போலச் சுட்டது. கரண்டு கூடினால் அறுந்து தடுக்க வேண்டிய பியூஸின் இடத்தில் மாமாவின் அறாத செம்பு இருந்தது.

"அம்மா, அமத்துங்க! ஒயரு உருகிரும். பலகையில தீ பிடிச்சுக்கும்!"

மாமாவின் முகம் சிவந்தது. "அக்கா, இப்ப அமத்துனா காய் வெளுத்துரும். அப்புறம் என்னையச் சொல்லாத. இத்தன வருசமா ஒயருக்குள்ளதான் கெடக்கேன். பள்ளிக்கூடத்துப் புள்ள சொவத்துல கிறுக்குனத நம்பப் போறியா?"

அம்மா அவரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். ஓம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஸ்டோர்க் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நெசமாவா ஆத்தா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நெசம்மா."

அம்மா போய் மெயினை இறக்கினாள்.

என்னைப் பொய்யாக்குவதற்காகவே மாமா வேகமாகப் பிளக்கை இழுத்தார். அது இளகிக் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கம் கருகி, ஒயரின் மேல்தோல் வழிந்திருந்தது. பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் எங்கும் பரவியது. மாமா அதைக் கீழே போட்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "பாத்தீகளா, எனக்கு அப்பவே சந்தேகந்தான். அதான் அக்காவை அமத்தச் சொன்னேன்" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஒரு சொல்லில் அவரை உடைத்திருக்கலாம்.

"ஆமா. தம்பி சொல்லப்போயி அமத்துனேன்" என்றாள். மாமாவுக்குப் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். பிறகு ஈரத்துணி எடுத்து வந்து என் கணக்கைச் சுத்தமாகத் துடைத்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. காய் வெளுத்தது. சொந்தக்காரர்கள் பேச வேண்டியதையெல்லாம் பேசினார்கள். மழையால் போச்சு என்றாள் அம்மா, யாரிடமும் தம்பியின் பெயரை எடுக்கவில்லை. மாமா புதுக் கம்பியோடும் சரியான பியூஸோடும் மறுபடி மலையேறி வந்தார். அதற்குப் பிறகு ஒரு அறுவடைக்கும் வராமல் இருந்ததில்லை. அப்பா போனபின் எங்களுக்காக மலையேறி வந்த ஒரே சொந்தம் அவர்தான். அந்த ஒருவரையும் அம்மா இழக்காமல் பார்த்துக்கொண்டாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. தம்பி சொல்லித்தான் அமத்தினேன் என்று அவள் வாயால் மட்டும்தான் சொன்னாள். ஆனால் என் ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்த முதல் அறுவடை முழுவதையும் விட்டுக்கொடுத்தாள். அந்தக் காய் வெளுத்துப்போய் என் கண்முன் குவியலாகக் கிடந்தது. நானோ துடைத்த சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்.