எம்.பி. பெயரில் நான் போட்ட பதில்கள்

ஷார்ஜாவில், முவைலாவில், மளிகைக் கடைக்கு மேலே இருந்த எங்கள் அவுட்சோர்சிங் அலுவலகத்துக்கும் அயர்லாந்துத் தேர்தலுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்க நியாயமில்லை. ஆனால் முப்பது வருடமாக எம்.பி.யாக இருந்துவிட்டு மறுபடியும் நிற்கும் ஒருவருக்கு, தொகுதி மக்கள் அனுப்பும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதியது நான்தான். அடியில் பெயர் மட்டும் அவருடையது.

முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே வாக்குச்சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டுமாம். என்னோடு ரூமில் தங்கியிருந்த எல்லோரையும் பிடித்துவைத்து விளக்கினேன்.

அப்போதுதான் ஒரு அம்மாள் எழுதினார். ஊருக்கு வந்த ஒரே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பக்கத்து வீட்டுக்காரர் காரில் கூட்டிப்போகிறார், அவரையும் எத்தனை நாள் கெஞ்சுவது?

பழைய பஸ் நேரங்களைத் தேடியெடுத்து, அமைச்சருக்கு ஒரு பக்கக் கடிதமே தயாரித்தேன். எங்கள் சூப்பர்வைசர், யாழ்ப்பாணத்துக்காரர், படித்துவிட்டுச் சிரித்தார்.

“உம்மை ஆர் பஸ் விடச் சொன்னது? ‘அமைச்சரிட்ட நானே கதைச்சிட்டன்’ எண்டு போடும். உடன அனுப்பாதையும். ரெண்டு நாள் கிடக்கட்டும், அப்பத்தான் மனுசன் ஓடித்திரிஞ்ச மாதிரி இருக்கும்.”

“அவரு பேசவே இல்லையே அண்ணே.”

“அப்ப நீர் போய்க் கதையும். டிக்கெட் போடட்டே?”

வாராந்திர வீடியோ அழைப்பில் எம்.பி.யிடமே கேட்டேன். அந்த அம்மாள் யாரென்று சொன்னதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. “அவள் அப்பாவும் எனக்குத்தான் ஓட்டுப் போடுவார்” என்றார். எதையோ மென்றுகொண்டே விளக்கினார்: அமைச்சரைக் கேட்டால் முடியாது என்பார், வாக்குப்பதிவுக்கு முன் அதை ஏன் கேட்டு வாங்க வேண்டும்? குரலில் அத்தனை கனிவு வேறு.

இரண்டு நாள் கழித்து, சொன்னபடியே அனுப்பினேன். அனுப்பிய கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. பத்தே நிமிடத்தில் அந்த அம்மாள் பதில் போட்டார். தெருவில் எல்லோரும் உங்களுக்குத்தான் முதல் எண் போடுவோம். பஸ் என்றைக்கு வரும்? பக்கத்து வீட்டுக்காரரை அடுத்த வாரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

“அவரை நிறுத்தாதீர்கள். அமைச்சரிடம் நான் பேசவில்லை. பஸ் வராது.” இவ்வளவுதான் அடித்தேன். எம்.பி. பெயரிலேயே அனுப்பினேன்.

“என்ன வேலை செய்தனீர்!” சூப்பர்வைசர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மாலைக்குள் என் லாகின் மூடப்பட்டது.

அந்த ஆள் ஜெயித்துவிட்டார். மாலை போடாததுதான் குறை, அப்படி ஒரு சிரிப்பு, செய்தியில் வந்த படத்தில்.