நான் அடைக்கச் சொன்ன ஓட்டைகள்

போன வியாழக்கிழமை காலை. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் நேரத்தில் ஒரு போன்.

"பத்திரிகையில எழுதற மேடமுங்களா?"

வாசகி! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, குரலையும் கொஞ்சம் இனிமையாக்கிக்கொண்டு, "ஆமாம்மா, சொல்லுங்க" என்றேன்.

"மாரண்டஹள்ளி பக்கத்துல இருந்து சரசு பேசறேனுங்க. உங்களால எங்க வூட்டுக்காரருக்கு மெமோ வந்திருக்குதுங்க."

குளிர்ந்த உச்சி சூடாகிவிட்டது. என்னாலா? நான் யாருக்கு என்ன செய்தேன்?

"ரயில் பாலத்தைப் பத்தி எழுதுனீங்க இல்லீங்களா... ஓட்டையெல்லாம் அடைக்கச் சொல்லி? அடைச்சிட்டாங்க. அதுல ரெண்ட இவரு தொறந்துவுட்டாரு. அதுக்குத்தான் மெமோ. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க. எழுதறதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும், பரவால்லீங்க."

அந்தப் 'பரவால்லீங்க' என்னை என்னவோ செய்தது. குக்கரை மறந்தே போனேன்.

வழக்கமாகப் படிக்கும் உங்களுக்கு நினைவிருக்கும். சில மாதங்களுக்கு முன் ஓசூர் போகும் வழியில், பஸ் ஜன்னலிலிருந்து அந்தக் கல் பாலத்தைப் பார்த்தேன். ஐந்து பெரிய வளைவுகள். மேலே ரயில், கீழே வண்டிப்பாதை. எத்தனை தலைமுறையாக நிற்கிறதோ தெரியாது. சுவரெங்கும் பாசி, பழுப்புக் கறை, வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றிலிருந்தும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் பொங்கி எழுந்து எழுதினேன். 'பாரம்பரியச் சின்னத்தை இப்படியா ஒழுகவிடுவது? ஒரு கை சிமென்ட், நாலு வாளி பெயின்ட்... இதற்குமா பஞ்சம்?'

எத்தனை பாராட்டுகள்! 'சாட்டையடி' என்று ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அதைப் பத்திரமாக வேறு வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை பாலக்கோடு வழியாக பஸ் பிடித்துப் போனேன். மாரண்டஹள்ளி ஸ்டாண்டில் சரசு மொபெட்டோடு நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். காலையில் தக்காளிக் கூடைகளை மண்டியில் இறக்கிவிட்டு நேராக வந்திருந்தாள். அவர்கள் தோட்டம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தினமும் அந்த வளைவுக்கு அடியில்தான் போய்வர வேண்டும்.

பாலத்தைப் பார்த்ததும்... வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், முதல் நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. சுவர் முழுக்க வழவழவென்று சிமென்ட் பூச்சு. அதன்மேல் செங்கல் நிறப் பெயின்ட். அதற்கும் மேலே வெள்ளைக் கோடுகள் போட்டு, கல் அடுக்கியது மாதிரி ஓவியம்! நிஜக் கல்லை மூடிவிட்டு அதன்மேல் கல் வரைந்திருக்கிறார்கள். இந்த யோசனை எந்த மூளையில் உதித்ததோ! 'பாரம்பரியப் பாலம் – தொடாதீர்கள்' என்று போர்டு. பக்கத்திலேயே செல்ஃபி எடுக்க ஒரு மேடை.

அந்த மேடைக்குப் பக்கத்தில் காத்திருந்தார் முனிராஜ், சரசுவின் கணவர். ரயில்வேயில் கீமேன். தினமும் சுத்தியலோடு தண்டவாளத்தை நடந்தே பார்த்து வருகிற வேலை.

"இந்தச் சுவருக்கு உள்ள என்ன இருக்குதுன்னு நெனைக்கறீங்க மேடம்?" என்று கேட்டார்.

"கல்லுதானே?"

"வெளியிலதாங்க கல்லு. உள்ள பூரா மண்ணும் ஜல்லியும் ரொப்பி வச்சிருக்குது. மேல பேயற மழை அதுல எறங்கும். எறங்குனது வெளிய வரணுமில்லீங்களா? அதுக்குத்தான் ஓட்டை. ஒழுகலைன்னாத்தாங்க நாங்க பயப்படணும்."

கட்டினவன் வேண்டுமென்றே வைத்த ஓட்டைகள்! வருடா வருடம் மழைக்கு முன்னால் நீளக் கம்பியை விட்டு ஒவ்வொன்றாகக் குத்தித் தூர் எடுப்பாராம் முனிராஜ். முதல் பெருமழை நின்றதும் கீழே வந்து, எது ஊற்றுகிறது, எது ஊற்றவில்லை என்று பார்ப்பாராம்.

அவர் மட்டுமில்லை, ஊரே பார்க்குமாம். "கீழ்வரிசை அத்தனையும் ஊத்துச்சின்னா நெலம் நல்லா நனைஞ்சிருக்குதுன்னு கணக்குங்க. மறுநா ஏர் ஓட்டிடுவாங்க" என்றாள் சரசு. "இந்த வருஷம் மூணு நா மழை பேஞ்சுது. ஒரு சொட்டு வரல. மழை பத்தலையாட்டம் இருக்குதுன்னு பாதிப் பேரு ராகி வெதைக்காமக் குந்தினு இருந்துட்டாங்க. எங்க மாமனாரும் அப்படித்தாங்க. ஈரம் வீணாப் போச்சு."

பெயின்ட் அடித்த சுவரைப் பார்த்து மழையைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்!

அப்புறம் முனிராஜ் கை நீட்டிக் காட்டினார். நடு வளைவுக்கு மேலே சுவர் லேசாக வெளியே தள்ளியிருந்தது. சாப்பாடு அதிகமான வயிறு மாதிரி. பூச்சில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். போன வாரம் அதிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து சரசுவின் மொபெட்டுக்கு முன்னால் விழுந்திருக்கிறது. அன்றைக்கே இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் இல்லை. மறுநாளும் மழை. மேலே ரயில் வேறு போக வேண்டும். கம்பியை எடுத்து இரண்டு ஓட்டைகளைக் குத்தித் திறந்துவிட்டார். அரை மணி நேரம் சேறாக ஊற்றியதாம்.

அதற்குத்தான் மெமோ. 'பாரம்பரியச் சின்னத்தின் வண்ணப்பூச்சைச் சேதப்படுத்தியது ஏன்?' ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். தவறினால் சம்பள உயர்வு நிறுத்தம், இடமாற்றம்... என்ன வேண்டுமானாலும் வரலாம். ஊரில் தோட்டம், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். எங்கே தூக்கிப் போடுவார்களோ?

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏங்க, ஒரு மனிதன் தன் வேலையைச் செய்தால் இந்த நாட்டில் தண்டனையா? நம் ஊரில் பராமரிப்பு என்றாலே பெயின்ட்தான். பெயின்ட் அடித்தால் போட்டோ எடுக்கலாம், ரிப்பன் வெட்டலாம். ஓட்டையில் தூர் எடுக்கிறவனை யார் போட்டோ எடுக்கப் போகிறார்கள்?

பதினோரு மணிக்கு அழகுபடுத்தும் பணியைக் கவனிக்கும் ரயில்வே அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பெயர் வேண்டாம். இளைஞர், மரியாதையானவர். சேதத்தை நேரில் பார்க்க வந்தாராம். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மேடம், நீங்களா! உங்க கட்டுரையாலதான் இந்த வேலையே சாங்ஷன் ஆச்சு."

ஃபைலைத் திறந்து காட்டினார். முதல் பக்கத்தில், லேமினேட் செய்து, என் பத்தி! 'ஒரு கை சிமென்ட், நாலு வாளி பெயின்ட்' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

அவ்வளவு நேரம் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேனே! பஸ் ஜன்னலிலிருந்து அரை நிமிடம் பார்த்துவிட்டுப் பாலத்துக்கு வைத்தியம் சொன்ன மேதாவி யார்? கீழே இறங்கி முனிராஜிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? சாட்டையடியாம், சாட்டையடி!

"சார், நான் எழுதினது தப்பு. இந்த ஓட்டையெல்லாம் திறந்தே இருக்கணும்" என்றேன்.

"அது மேலதான் முடிவு பண்ணணும் மேடம். வேணும்னா இன்னொரு கட்டுரை எழுதுங்க, ஃபைல்ல சேர்த்துடறேன்" என்றார் பணிவாக. பிறகு முனிராஜ் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமைக்குள்ள விளக்கம் வந்தாகணும்" என்றார். குரலில் அந்தப் பணிவு இல்லை.

முனிராஜ் தலையை ஆட்டினார். சரசு என்னைப் பார்த்தாள்.

முனிராஜ் சுவரில் சாய்த்து வைத்திருந்த கம்பியை எடுத்தேன். கீழ்வரிசை என் தோள் உயரம்தான். தட்டிப் பார்த்தால் மூடிய இடம் டொக்கென்று வேறு சத்தம் தந்தது. "மேடம், மேடம்..." என்று அதிகாரி பதறுவதற்குள் ஓங்கி ஒரு குத்து, இன்னொரு குத்து. எனக்குத் தோள் வலி உண்டு, டாக்டர் பாரம் தூக்கக்கூடாது என்றிருக்கிறார். மூன்றாவது குத்தில் பூச்சு பெயர்ந்தது.

பீய்ச்சியடித்தது பாருங்கள்! செம்மண் சேறு என் புடவையை நனைத்து, அதிகாரியின் பளபள ஷூவையும் நனைத்தது. அவர் துள்ளிக் குதித்து நகர்ந்தார். தண்ணீர் நிற்கவே இல்லை. உள்ளே இவ்வளவா என்ற முகத்தோடு அண்ணாந்து, அந்த வீங்கிய சுவரை முதல்முறையாகப் பார்த்தார். போனை எடுத்து யாரிடமோ தணிந்த குரலில் பேசினார்.

திங்கட்கிழமை பொறியாளர்கள் வந்து பார்த்தார்களாம். ரயில்கள் இப்போது அந்த இடத்தில் ஊர்ந்துதான் போகின்றனவாம். மற்ற ஓட்டைகளைத் திறப்பது பற்றி 'பரிசீலிக்கிறார்கள்'. முனிராஜின் மெமோ மட்டும் அப்படியே இருக்கிறது.

சம்பந்தப்பட்ட அதிகாரிகளே, இந்தப் பத்தியையும் லேமினேட் செய்து வையுங்கள். இந்த வரிக்கும் சிவப்புக் கோடு போடுங்கள்: ஓட்டைகளை அடைக்கச் சொன்னது நான், மூன்றாவதை உடைத்ததும் நான்தான். மெமோவை என் பெயருக்கு அனுப்புங்கள்... விளக்கம் எழுத எனக்கு வாரா வாரம் ஒரு பக்கம் இருக்கிறது.