அகாஃபியா குடிக்க மறுத்த தண்ணீர்

செம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய தெருவில், அறைக் கதவை மூடிக்கொண்டு பேசுவது ஜோசலினின் வேலை. ரஷ்யாவில் மருத்துவம் படித்தவள். இங்கே தகுதித் தேர்வில் தேறவில்லை. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் ரஷ்ய மொழியை மொழிபெயர்க்கிறாள். எல்லா அழைப்புகளும் பதிவாகும். திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குகிறாள் என்று போன மாதம் ஒரு மருத்துவர் புகார் செய்திருந்தார். "இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் மேலாளர் தினகரன். அன்றிலிருந்து யாரையும் இரண்டாம் முறை கேட்க அவளுக்குப் பயம்.

மார்கழி விடியலில் அந்த அழைப்பு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலிருந்து வந்தது. நோயாளி அகாஃபியா, 'பழைய விசுவாசிகள்' என்ற சிறு கிறிஸ்தவக் கூட்டத்தவர். வழிபாட்டு முறையை மாற்ற மறுத்து, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரஷ்யத் திருச்சபையை விட்டுப் பிரிந்து, பிறகு நாடு நாடாக ஓடியவர்கள். அவர்களோடு ஓடிய ரஷ்ய மொழியும் தனியாக வளர்ந்துவிட்டது. 'ஸ்பசீபா' என்று வகுப்பில் கற்ற நன்றி அவர்களிடம் இல்லை; 'கிறிஸ்து காப்பாராக' என்றார் அகாஃபியா. வினைச்சொற்களின் ஈற்றைச் சுருக்கிப் பேசினார். நடுவே ஆங்கிலச் சொற்கள் ரஷ்ய உருபுகளோடு வந்தன.

குடல் அடைத்திருக்கலாம், ஸ்கேனுக்கு முன் மருந்து கலந்த தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்றார் மருத்துவர். அகாஃபியா நீளமாக ஏதோ சொன்னார். ஜோசலினுக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: வேண்டாம், பாவம்.

"மறுக்கிறாரா? ஆமாம் என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறேன்" என்றார் மருத்துவர்.

ஆமாம் என்பது எளிது. புகார் வராது. ஆனால் அகாஃபியா அடைத்த குடலோடு வீட்டுக்குப் போவார்.

வெளியே பக்கத்து வீட்டுச் சந்திரிகாவின் குரல். "இந்தாக்கா, பொங்கலு. கோயில்ல படைச்சது."

"வேணாம்மா, வயிறு சரியில்ல" என்றாள் ஜோசலினின் அம்மா.

"நான் குடுத்தா மட்டும் இன்னாக்கா உன் வயித்துக்கு?"

அம்மாவின் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. சாமிக்குப் படைத்ததை அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் உண்பதில்லை. அதைச் சொல்லத்தான் அவளுக்கு வாய் வராது. வேண்டாம் என்றது பொங்கலை அல்ல, அது வந்த இடத்தை.

பணி விதிப்படி தன்னையே மூன்றாம் ஆளாக வைத்து ஜோசலின் மருத்துவரிடம் சொன்னாள்: "மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கேட்க வேண்டியிருக்கிறது." மருத்துவர் சலிப்போடு மூச்சு விட்டது கேட்டது. அவள் அகாஃபியாவிடம் ரஷ்ய மொழியில் கேட்டாள்: "அம்மா, தண்ணீர் வேண்டாமா, அந்தக் குவளை வேண்டாமா?"

அகாஃபியா இம்முறை புரியும்படி நிதானமாகச் சொன்னார். தங்கள் கூட்டத்தைச் சேராதவர் வாய் வைத்த பாத்திரத்தில் குடிக்கக் கூடாது. தன் கோப்பை பைக்குள் இருக்கிறது, யாராவது எடுத்துத் தந்தால் போதும்.

பை திறக்கும் ஓசை. பிறகு, விழுங்கும் ஓசை.

அழைப்பு முடிந்ததும் ஜோசலினுக்குப் புகார் நினைவுக்கு வரவில்லை.  சென்ற வாரம் இதே பழைய ரஷ்யப் பேச்சில் ஒரு கிழவர் வேண்டாம் என்றிருந்தார். மறுக்கிறார் என்று அவள் உடனே மருத்துவரிடம் சொல்லிவிட்டாள். அவர் எதை வேண்டாம் என்றாரோ?

மணி மறுபடி அடித்தது.