கல்லில் விட்ட இடம்

கல்லறைத் தோட்டத்தில் அவரை எல்லோரும் அடிக்கோல் என்றுதான் கூப்பிடுவார்கள். அடிக்கு ஒரு வெட்டு போட்ட நீளமான மரக்கோல் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். பெண் பார்க்கப் போனபோதுகூட அதோடுதான் போனார், அதனால்தான் கல்யாணம் நடக்கவில்லை என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரிப்பதும் இல்லை, கோபப்படுவதும் இல்லை. நாற்பது வருஷமாகக் குழி தோண்டுகிறவர்.

பழைய பகுதியில் குடும்பத்துக்கு ஒரு குழிதான். அதில் மூன்று பேர், ஒருவர் மேல் ஒருவராக. முதலில் போகிறவருக்கு ஒன்பது அடி, அடுத்தவருக்கு ஏழு, கடைசி ஆளுக்கு ஐந்து. மேல் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே மூன்று அடி மண்ணாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அனுமதி கிடையாது. குழிக்குள் நிற்பவர் ஆழத்தை உரக்கச் சொல்வார். மேலே நிற்கும் மேற்பார்வையாளர் அதைத் திருப்பிச் சொல்வார். அவ்வளவுதான். அதன் பிறகு யாரும் இறங்கி அளப்பதில்லை. உள்ளே நின்றவரின் வார்த்தைதான் அளவு.

அந்த வார்த்தையில் அவர் ஒரே ஒரு குழிக்குத்தான் பொய் சொன்னார், அக்கா குடும்பத்தின் குழிக்கு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது அது.

அக்காவின் ஒரே மகன் ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். வேறு யாரும் தோண்டக் கூடாது என்று அவரே இறங்கினார். ஆறு அடி வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். வானம் கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுவான். மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்தில் வருவான். அதற்கு மேல் மண்வெட்டி இறங்கவில்லை. "ஒன்பது" என்று குரல் கொடுத்தார். மேலே இருந்தவரும் "ஒன்பது" என்றார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்காவின் கணவர் போனபோதும் அவரே தனியாகத் தோண்டி, ஐந்து அடியில் நின்று "ஏழு" என்று சொல்லி, மகனுக்கு மேலே வைத்து மூடினார். பிள்ளையின் பெட்டி ஒரு அடி உயரம்தான் என்பதால் மேலே சரியாக மூன்று அடி மண் மிஞ்சியது. குழி அதோடு நிறைந்துவிட்டது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கல்லில் இரண்டு பெயர்களுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அக்கா வாரா வாரம் வந்து கல்லைக் கழுவுவாள். கடைசியில் அந்த வெற்று இடத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நம்ம வீட்டையும் சுத்தமா வெச்சுக்கணும்ல என்பாள். ஒவ்வொரு முறையும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

இப்போது அக்கா படுத்துவிட்டாள். ஆறு வாரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து கால் மண்ணைக் கழுவிக்கொண்டு அவர் போய் உட்கார்ந்தபோது, அக்கா பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"லேசான மரமா பாருடா. கீழே ரெண்டு பேர் இருக்காங்க."

அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அங்க இடம் இல்ல. அன்னைக்கு நான் ஆறு அடிதான் தோண்டினேன். ஒன்பதுன்னு சொல்லிட்டேன்."

அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஊருக்கெல்லாம் அளந்து போட்டவன். எனக்குத்தான் உன் கோல் குறைஞ்சு போச்சா?"

"அவன் கிணத்துக்கே பயப்படுவான்ல."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாள் பேசவில்லை. அவர் கொண்டுபோன கஞ்சி ஆடை படிந்து அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் அவளாகவே கேட்டாள், அத்தானைக் கொஞ்சம் எடுத்துவிட்டு ஆழப்படுத்த முடியாதா என்று. புதைத்துப் பதினைந்து வருஷம் ஆகாமல் பெட்டியைத் தொடக் கூடாது, இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது என்றார்.

"நான் ஆறு வாரம்தான் வாங்கி வெச்சிருக்கேன். டாக்டர்கிட்ட கொஞ்சம் சேர்த்துக் கேட்டுப் பாரேன்."

சிரிக்கப் போய் இருமினாள். இருமல் அடங்கியதும், மேற்கு மதில் ஓரம் புது வரிசையில் தனி இடம் கிடைக்கும், நானே ஒன்பது அடி தோண்டுகிறேன் என்றார். தனியாக ஒன்பது அடி எதற்கு, என் மேல் யார் வந்து படுக்கப் போகிறார்கள் என்று கேட்டாள்.

இன்னொரு வழி இருந்தது. அதை அவர் சொல்லாமலே வைத்திருந்தார். போர்வைக்கு வெளியே கிடந்த அவள் கைகளைப் பார்க்காமல் இப்போது சொன்னார்: "சாம்பலா இருந்தா ஒன்றரை அடி போதும்."

முப்பது வருஷம் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவள் அவள். கொதிகலன் ஆவி பட்டு இரண்டு முன்கைகளும் முழங்கை வரை சுருங்கிப்போயிருந்தன. செத்த பிறகாவது குளிர்ந்த மண்ணில் கிடக்க வேண்டும் என்பதுதான் அவள் வாய் விட்டுக் கேட்ட ஒரே சுகம்.

"இவ்வளவு நாள் வெந்தது போதலையா எனக்கு," என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று அவர் எழுந்தபோது மறுபடி அவள் குரல் வந்தது. "சரி. ஆனா சூட்டோட கொண்டுபோய் அவன் மேல வெச்சிடாதே. ஆறட்டும்."

டாக்டர் சொன்ன ஆறு வாரம் நான்கிலேயே முடிந்தது. மின்தகன மேடையில் கதவு மூடும்போது அவர் கோலை ஊன்றிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குப் பிறகு ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார்கள். துணி சுற்றியிருந்தும் வெதுவெதுப்பு உள்ளங்கைக்குத் தெரிந்தது.

குழி தோண்ட அதிக நேரம் ஆகவில்லை. இறங்கி நிற்கக்கூட ஆழம் இல்லாததால் மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினார். கோலை உள்ளே நிறுத்தி, ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, "ஒன்றரை" என்றார். புது மேற்பார்வையாளரும் "ஒன்றரை" என்றார். வைக்கலாமே என்று கையைக் காட்டினார்.

அவர் பெட்டியைப் பக்கத்து ஈர மண்ணில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிறது என்றார்.

"இன்னும் ஆறல சார்," என்றார் அவர்.