வீட்டில் படிக்கக் கூடாத கவிதை

மாமாவின் கவிதைத் தொகுப்புக்குப் பரிசு என்று செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் அதை முழுசாகப் படித்தவர்கள் யாரும் இல்லை. அப்பா அட்டையைப் பார்த்து, தாள் நல்ல தாள் என்றார். அம்மா பின்னட்டையில் இருந்த தன் தம்பியின் படத்தைப் பார்த்து, முடியை வெட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்திருக்கலாம் என்றாள். பெரியம்மாதான் புத்தகத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திச் சூடம் காட்டினாள். கவிதைக்கு இந்த மரியாதை வேறெந்த வீட்டிலும் கிடைத்திருக்காது.

பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. தாயில்லாத வீட்டில் அவள்தான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்து, தம்பியைப் படிக்கவைத்தவள். தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள் என்று சுங்கை வே ஊரில் எங்களோடு வந்து சேர்ந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன் போய்ப் பல வருஷம். பிள்ளைகள் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மாமா பக்கத்திலிருந்த தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தார். சாப்பாடு எங்கள் வீட்டில். தோட்டத்தில் இருந்தவரை அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத மனிதர், தொழிற்சாலைக்கு வந்த பிறகு தோட்டத்தைத் தவிர வேறொன்றையும் எழுதவில்லை.

பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. மாமா ஏழெட்டுக் கவிதைகளுக்குப் பென்சிலால் அடையாளம் போட்டுக் கொடுத்து, இவற்றை மட்டும் படி, மற்றவை பெரியம்மாவுக்குப் புரியாது என்றார். மாலையில் அவள் பயற்றங்காய் நறுக்குவாள், நான் படிப்பேன். திருவிழாக் கவிதையில் ஓர் ஆறு ஓடும். அவள் கத்தியை நிறுத்திவிட்டு, "ஆறாம் ஆறு! பால் வாளி கழுவுற கால்வாய்லா அது" என்பாள். பரிசளித்த நடுவர்கள்கூட மாமாவை இவ்வளவு கடுமையாகச் சோதித்திருக்க மாட்டார்கள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். தன் தம்பி எழுதியது பொய்யாக இருந்தாலும் அவளுக்குப் பெருமைதான்.

பரிசளிப்பு விழா பிரிக்பீல்ட்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பரிசு கொடுத்த சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்து, நடுவர்கள் மிகவும் பாராட்டிய கவிதையை யாராவது சிறுபிள்ளை மேடையில் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவள் நான். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாமாதான் தயங்கினார். திருவிழாக் கவிதையைச் சொல்லட்டுமே என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். செயலாளர் விடவில்லை. முடியாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் போன பிறகு மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஸ்கூல்லயே பழகிக்கோம்மா. வீட்டுல சொல்லிப் பாக்காதே." எல்லாரையும் மேடையில் அசத்தத்தான் மாமா இப்படித் திட்டம் போடுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பெரியம்மா அதற்குள் அம்மாவோடு கிள்ளானுக்குப் போய், விழாவுக்கென்று மாம்பழ நிறத்தில் ஒரு சேலை வாங்கி வந்திருந்தாள். அதை மாமாவிடம் விரித்துக் காட்டினாள். அவர் சேலையைப் பார்க்காமல், "உனக்கு எதுக்குக்கா இந்த அலைச்சல்? ஹால்ல ஏர்கோன் குளிர் வேற. மூணு மணி நேரம் பேசுவாங்க. கால் வலி வந்துரும்" என்றார்.

"நீ மாலை போட்டுக்கிறத பாத்துட்டு ஓரமா உக்காந்திருப்பேன் தம்பி."

"வேணாம்லா அக்கா. சொன்னா கேளு."

அவள் சேலையை மடித்தாள். எனக்கு மாமாவின் மேல் ஆத்திரமாக வந்தது. வளர்த்தவளை விழாவுக்கு வரவேண்டாம் என்று சொல்ல எப்படி மனம் வந்தது? அந்தக் கவிதையை ஒரு முறை கேட்டால், கால் வலியாவது ஒன்றாவது, அவள் எல்லாருக்கும் முன்னால் கிளம்பி நிற்பாள் என்று தோன்றியது.

சனிக்கிழமை மதியம் அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். பெரியம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, நான் எதிரே நின்று கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். தோட்டத்தில் ஒருத்தி. காய்ச்சலில் கிடக்கும் கைக்குழந்தையை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போகிறாள். பாலை நிறுத்துக் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை செய்ததாகப் பேர் விழாது, கூலியும் இல்லை. பிள்ளைக்கு முடியவில்லை என்று ஆள் வருகிறது. அவள் நிறுவை வரிசையில் நிற்கிறாள்.

இரண்டாம் முறை ஆள் வந்து கூப்பிட்டும்
வாளியை நிறுவையில் ஏற்றிவிட்டே ஓடினாள்.
ஏந்திக்கொள்ளக் குழந்தை இருந்தது,
மூச்சு இல்லை.

கடைசி வரியில் குரல் நடுங்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லிக் கொடுத்திருந்தார். நன்றாகவே நடுங்கினேன்.

பெரியம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அந்த வாளி எடத்த மறுபடி சொல்லு" என்றாள். சொன்னேன்.

"இது புஸ்தகத்துல இருக்கா?"

"இதுக்குத்தான் பெரியம்மா பரிசே!"

"அவன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றாள். யாரிடம், எதை என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் விழாவுக்கு வருவீர்களா என்று மட்டும் கேட்டேன். மாமா சொன்னது சரிதான், கால் வலிக்கிறது என்றாள். என் நடுக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டேன்.

மறுநாள் அவள் வரவில்லை. மாமா வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் மேடை ஏறிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. வீட்டில் படித்துக் காட்டினேன் என்று அவரிடம் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ரகசியத்தை உடைத்ததற்குத் திட்டுவார் என்ற பயம் முதலில் இருந்தது. பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது.

அந்தக் குழந்தை பெரியம்மாவுடையது, ஆண் குழந்தை, பத்து மாதம் என்று அம்மா எனக்குச் சொன்னது பெரியம்மாவின் கருமக்கிரியை நாளில். பிள்ளை காய்ச்சலில் போனது அம்மாவுக்கும் தெரியும். ஆள் இரண்டு முறை வந்ததும், அவள் வாளியை நிறுத்துவிட்டுப் போனதும் அம்மாவுக்கே தெரியாது. புத்தகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாளாம். தம்பி அதை எழுதியதைப் பெரியம்மா மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அன்று விழா முடிந்து வந்த மாமாவுக்கு எப்போதும்போலக் கோழிக்கறி வைத்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றுதான் பரிமாறினாள்.

அவர் கை கழுவப் போனதும் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அந்த வாளி எடம் வந்தப்ப, ஆளுங்க கை தட்டினாங்களா?"

"ரொம்ப நேரம் தட்டினாங்க பெரியம்மா!" என்றேன்.

உண்மையில் அந்த இடத்தில் யாரும் கை தட்டவில்லை. மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் பெரியம்மா வருத்தப்படுவாள், தட்டினார்கள் என்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.