இடது சக்கரம்தான் என்றார் அத்தான்

என் அத்தான் மர அறுவை மில்லில் இருபத்தாறு வருஷமாக ரம்பத்தடியில் நிற்கிறவர். வாரத்துக்கு மூன்று நாள் அக்காவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவதும் அவர்தான். ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் எந்த பஸ்ஸும் போய்ச் சேராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தார்.

"பின் சக்கரத்துல பேரிங் போச்சுடா. ஒரு வாரமா உறுமுது. நாளைக்கு உங்கக்காவக் கூட்டிட்டுப் போகணும். போல்ட்டு அசைய மாட்டேங்குது, வா."

போனால் வாசலில் கார் ஜாக்கியில் நிற்கிறது. இடது பின் சக்கரம் தனியே கிடக்கிறது. அத்தான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"இந்தச் சக்கரம்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காதாலதான்."

"சக்கரத்துக்கு மேல இருக்கற ஸ்பிரிங்குல கைய வச்சுக்கிட்டுச் சக்கரத்தச் சுத்திப் பாத்தீங்களா? கெட்ட பேரிங்னா கரகரன்னு கையிலயே தெரியும்."

"சத்தத்த வச்சே பிளேடு மழுங்கிருச்சான்னு சொல்றவன் நான். எனக்கே சொல்லித் தரியா?"

அவரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. பேரிங்கைத் தாங்கும் வட்டமான ஹப் நான்கு போல்ட்டில் நிற்கிறது, நான்கும் துருப்பிடித்துப்போயிருந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் செருகி, இரண்டு பேரும் தொங்காத குறையாக இழுத்தோம். நாலாவது போல்ட் கழன்றபோது மணி மூன்றரை.

அக்கா கதவருகே வந்து நின்றாள். "இவ்வளவு கஷ்டம் எதுக்கு? நாளைக்குப் போகலன்னா குடி முழுகிடாது, விடுங்க."

அத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் "சும்மா இரு, அக்கா" என்று அதட்டினேன்.

அத்தான் முன்னமே வாங்கி வைத்திருந்த புது பேரிங்கை மாட்டி ஓட்டிப் பார்க்கப் போனோம். நான் பின்சீட்டில். வண்டி ஐம்பதைத் தாண்டியதும் அதே உறுமல், என் வலது தொடைக்குக் கீழிருந்து.

"அத்தான், வலது பக்கம் வருது."

பதில் இல்லை. தோளைத் தட்டி மறுபடி சொன்னேன். "இடதுதான்" என்று எரிந்து விழுந்தார். எனக்கும் கோபம் வந்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிவிட்டு, அவர் கையைப் பிடித்து ஸ்பிரிங்கில் வைத்தேன். கரகரவென்று அதிர்ந்தது.

கையை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தார். பிறகு இடது காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். அடுத்து வலது காதருகே. வலது காதருகே மட்டும் மறுபடி ஒருமுறை தேய்த்தார். மில்லில் பெரிய ரம்பம் அவருக்கு வலப்பக்கம் ஓடுகிறது.

ஞாயிறு சாயங்காலம் எந்தக் கடை திறந்திருக்கும்? நல்ல வேளை, இடதில் கழற்றிப் போட்ட பழைய பேரிங் பழுதில்லாதது, அடி எதுவும் படவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுதான். வீட்டுக்குத் திரும்பி அதை வலதில் மாட்டினோம். அந்தப் பக்கத்து நாலு போல்ட்டைக் கழற்றுவதற்குள் எங்கள் உயிர் போய்விட்டது. மறுபடி ஒரு சுற்று போய் வந்தோம். வண்டி சத்தமில்லாமல் ஓடியது. ஆனாலும் அத்தான் என்னிடம்தான் கேட்டார், "போச்சா?"

"போச்சு."

வீட்டுக்குள் வந்து நாற்காலியில் விழுந்தார். "கோளாறு என் காதுல. வலது காது சுத்தமா அவுட்டு, எல்லாச் சத்தமும் இடப்பக்கந்தான் கேக்குது" என்றார் அக்காவிடம்.

அக்கா அவருக்கு வலப்பக்கம் படுக்கிறவள். சுற்றிவந்து அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

"அப்ப முந்தாநாள் ராத்திரி நான் கேட்டது உங்க காதுலயே விழலையா?"

"என்ன கேட்ட?"

"எனக்காக அலைஞ்சு அலைஞ்சு நீங்க உருக்குலைஞ்சு போறீங்க. இந்த டயாலிசிஸ நிறுத்திரலாமான்னு கேட்டேன். நீங்க வாயே திறக்கல. மனசுல சரின்னுதான் இருக்கு, சொல்லத்தான் கூச்சப்படறீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

அத்தான் கிரீஸ் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அஞ்சு மணிக்கு எழுப்பு. ஆறு மணிக்குக் கிளம்பறோம்" என்று கத்தினார், காது கேட்காதது அவளுக்குத்தான் என்பதுபோல.